கரையின் வரவுசெலவு

கடலோரத்தின் மதிப்பையும், பருவநிலை மாற்றத்தால் அதற்கு நேரும் ஆபத்தையும் பற்றிப் பேச்சு எழுந்தால் நாம் கடல்மட்டத்திலிருந்துதான் தொடங்குவோம். எத்தனை சென்டிமீட்டர் உயரும், எந்த ஆண்டுக்குள் உயரும், எந்த ஊர் மூழ்கும் என்று கேட்போம். அவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் கரையை அசையாத விளிம்பாகவும் கடலை அதன்மேல் ஏறிவரும் பகையாகவும் எண்ணிக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள் அவை. மணற்கரையும் கழிமுகமும் பவளத்திட்டும் தம்மைத் தாமே கட்டிக்கொள்ளக் கூடியவை. ஆறு கொண்டுவரும் வண்டலும், அலை நகர்த்தும் மணலும், வேர்கள் பிடித்துவைக்கும் சேறும், பின்னால் ஒதுங்க இடமும் இருக்கும்வரை, உயரும் கடலுக்கு ஏற்ப அவை ஓரளவு தம்மைச் சரிசெய்துகொள்ளும். கடலோரத்தின் முதன்மையான மதிப்பு இந்தத் திறன்தான். மற்ற மதிப்புகள், அதாவது மீனும் நன்னீரும் புயலிலிருந்து காப்பும், இதிலிருந்து பிறப்பவை. இந்தத் திறனை ஒன்றரை நூற்றாண்டாக நாமே குறைத்து வந்திருக்கிறோம். கடல் உயர்வது அதன்மேல் வந்து ஏறிய சுமை. ஆகவே தமிழகக் கரையைப் பொறுத்தவரை, இங்கே நாம் செய்யக்கூடிய முதல் தற்காப்பு, கரைக்குச் சேரவேண்டிய மணலையும் வண்டலையும் இடத்தையும் அதற்குத் திருப்பித் தருவதே. இதுதான் இன்று நான் முன்வைக்கும் வாதம்.

முதலில் மணல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தமிழகக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. 14 மாவட்டங்களைத் தொடுகிறது. சுமார் 600 மீனவ ஊர்கள் அதன்மேல் இருக்கின்றன. பெரும்பகுதி தாழ்ந்த மணற்கரை. கோடியக்கரைக்கு வடக்கே உள்ள சோழமண்டலக் கரையில், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் நீண்ட பருவத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் அலைகள் வடகிழக்கிலிருந்து வந்து அதே மணலைத் தெற்கே திருப்புகின்றன. வாடைக் காலம் குறுகியது. எனவே ஆண்டு முடிவில் மணலின் நிகர ஓட்டம் வடக்கு நோக்கியதாகவே இருக்கிறது. இன்று ஓர் ஊரின் முன்னால் கிடக்கும் மணல் முன்பு தெற்கூரில் கிடந்தது. பின்பு வடக்கூருக்குப் போய்ச்சேர வேண்டியது. ஒரு குடும்பத்தின் வரவுசெலவைப் போலவே கரைக்கும் கணக்கு உண்டு. ஆற்றிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருவது வரவு. வடக்கே போவதும் ஆழ்கடலில் இறங்குவதும் செலவு. வரவு மிஞ்சினால் கரை அகலும். செலவு மிஞ்சினால் கரை தேயும். கடல் அரிப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பற்றாக்குறையைத்தான். அலை ஒருபோதும் ஓய்வதில்லை; மேலே யாரோ வரவை நிறுத்தியதும், அது செய்துவரும் அதே வேலை இழப்பாகத் தெரியத் தொடங்குகிறது.

இதற்கு நம் கண்முன்னே இருக்கும் மிகப் பழைய சான்று சென்னைத் துறைமுகம். கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆளும் மசூலாப் படகில் அலையைக் கடந்து வந்த திறந்த கரை அது. 1876-இல் அலைதடுப்புச் சுவர்களின் வேலை தொடங்கியது. அந்தச் சுவர்கள் வடக்கே நடந்த மணலின் வழியை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. இன்று மெரினாவின் அகலத்தைக் கண்டு நாம் பெருமைப்படுகிறோமே, அதில் பெரும்பங்கு இப்படிச் சேர்ந்ததுதான். வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை வரவு நின்றுபோய்க் கரை தேய்ந்தது. தெருக்களும் வீடுகளும் போயின. பல பத்தாண்டுகளாகக் கருங்கல் கொட்டித்தான் அந்தக் கரை நிறுத்திவைக்கப்படுகிறது. நகரத்தின் தென்பக்கத்துக்குக் கிடைத்த அழகிய மணற்பரப்பும், வடபக்கத்து உழைக்கும் மக்கள் இழந்த கரையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். கடலோரத்தைப் பற்றிய எந்தத் திட்டத்திலும் ஆதாயம் ஓரிடத்திலும் நட்டம் வேறிடத்திலும் விழும் என்பதை அந்த ஒரே சுவர் கற்றுத்தருகிறது. அந்தப் பாடத்தை நாம் கற்கவில்லை என்பதற்குப் புதுச்சேரி சான்று.

1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகம் கட்டப்பட்டது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விடவேண்டும் என்பது அறியப்பட்ட விஷயமாகவே இருந்தது. ஆனால் அந்த வேலை தொடர்ந்து நடக்கவில்லை. நகரின் புகழ்பெற்ற கடற்கரை சில ஆண்டுகளில் காணாமல்போய், கருங்கல் குவியல் மட்டும் மிஞ்சியது. கல் அந்த இடத்தில் நிலத்தைக் காத்தது. அரிப்போ வடக்கே நகர்ந்து தமிழக எல்லைக்குள் உள்ள கோட்டக்குப்பம் போன்ற ஊர்களைத் தொட்டது. 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்குள் ஒரு செயற்கைத் திட்டை அமைத்த பிறகு, நகரின் வடமுனையில் மணல் மீண்டும் சேர்ந்தது. முப்பது ஆண்டுகளாகக் கல் செய்யாததை மணலைத் தங்கவிடும் ஏற்பாடு செய்தது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுத் தந்த மதிப்பீட்டின்படி, இந்தியக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளானது. தமிழகத்தில் அந்தப் பங்கு 40 விழுக்காட்டுக்கு மேல். புதுச்சேரியில் பாதிக்கும் மேல். இந்தக் காலத்தில் கடல் உயர்ந்தது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். அரிப்பில் பெரும்பகுதியைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அதனாலேயே பருவநிலை மாற்றம் நமக்கு இன்னும் கடுமையான செய்தியாகிறது: ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும் கரைமீதுதான் அது வந்து விழுகிறது.

அந்தச் சுமை எவ்வளவு? 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்கிறது பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழுவின் ஆறாம் அறிக்கை. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006–2018 காலத்தில் 3.7 ஆனது. நம்மைச் சூழ்ந்த வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்று இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு சொல்கிறது. இந்த நூற்றாண்டின் முடிவில் கூடுதல் உயர்வு, கரியமில வாயுவை எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 28 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரை இருக்கலாம். புவியில் சேரும் மிகை வெப்பத்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கடலே விழுங்குகிறது. சூடான நீர் விரிகிறது. பனிப்பாறைகளும் பனிப்படலங்களும் உருகி அதனோடு சேர்கின்றன. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951–2015 காலத்தில் சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. சூடான கடல் புயலுக்கு உணவு. 2017 நவம்பர் இறுதியில் குமரி முனையருகே ஒக்கி சில மணி நேரத்தில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக வலுத்தது. ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி, கேரள மீனவர்களில் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. ஒரு புயலைப் பருவநிலை மாற்றமே உண்டாக்கியது என்று சொல்வது அறிவியலாகாது. ஆனால் சூடான நீர்மேல் புயல்கள் வேகமாக வலுக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும், எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரம் அதனால் சுருங்கக்கூடும் என்பதும் அறிவியல் சுட்டிக்காட்டுபவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சென்னைக் கடலில் ஓதம் ஒவ்வொரு நாளும் பல பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டரைக் கண்டு ஏன் அஞ்சவேண்டும்? இதற்கு இரண்டு விடைகள். ஒன்று, சேதம் செய்வது சராசரி மட்டம் அன்று. ஓதமும் புயலும் பேரலையும் ஒன்றுசேரும் நாளின் மட்டம். சராசரி சற்று உயர்ந்தாலே, அரிதாக எட்டப்பட்ட உயரம் அடிக்கடி எட்டப்படும். நூறாண்டுக்கு ஒருமுறை வந்த உச்ச நீர்மட்டம், உலகின் ஓத அளவு நிலையங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், 2100 வாக்கில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வரும் என்று அதே அறிக்கை கணிக்கிறது. இரண்டாவது, நம் கரையின் சரிவு மிகக் குறைவு. காவிரிக் கடைமடையில் வெண்ணாற்றின் கிளைகளான அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் வெள்ளையாறும் பாண்டவையாறும் தாமே வடிந்துதான் கடல் சேரவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல்மட்டம் சற்று உயர்ந்து நின்றாலும் வடிகால் தயங்கும். சம்பாப் பயிர் கூடுதல் நாள் நீரில் கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் ஆறுகள் வெள்ளத்தைக் கடலுக்குள் விரைவாக விட முடியாமல் திணறியதும் இதே இயக்கவியல்தான். கடைமடை உழவருக்கும் தாழ்வான குடியிருப்பில் வாழ்பவருக்கும் சென்டிமீட்டர் என்பது நாள்கணக்கு.

இன்னொரு மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. கடல் எப்போதும் கொண்டும் கொடுத்தும் வந்திருக்கிறது. புகார் நகரைக் கடல்கொண்டதை மணிமேகலை பேசுகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஓரிரவில் அழிந்தது. இதில் புதிது என்ன என்கிறார்கள். உண்மையில் வரலாறு இன்னும் நெடியது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை நிலமாக இருந்தது. பிறகு கடல் ஏறி, ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் நிலைகொண்டது. உலகின் பெரிய கழிமுகச் சமவெளிகள் அந்த அமைதியில்தான் உருவாகத் தொடங்கின. நெல் விளையும் சமவெளிகளும் துறைமுக நகரங்களும் நிலைகொண்ட கடலை நம்பி எழுந்தவை. ஆகவே கடல் மாறும் என்ற வரலாறு நமக்கு ஆறுதல் தராது. நம் நாகரிகம் அது மாறாத இடைவெளியில் வளர்ந்தது என்பதே அது சொல்லும் பாடம். மேலும் அன்றைய கரை நகர்ந்தபோது அதன் பின்னால் இடம் இருந்தது. ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்தன. இன்று 1934-இல் முடிந்த மேட்டூர் அணை முதலாக ஒவ்வொரு நீர்த்தேக்கமும் வண்டலைத் தன் மடியில் இறக்கிவைக்கிறது. மிஞ்சிய ஆற்றுமணலைக் கட்டுமானத்துக்கு அள்ளுகிறோம். தென்மாவட்டக் கரைகளில் தாதுமணலையும் அள்ளினோம், 2013-இல் அரசு தடை போடும்வரை. கரையின் வரவைத் தலைமாட்டிலேயே தடுத்துவிட்டு, கால்மாட்டில் கடலைக் குறைகூறுவது நேர்மையாகாது.

கரை எவ்வளவு பின்வாங்கும் என்பதை மதிப்பிட, கடலோரப் பொறியாளர் பெர் புரூன் 1962-இல் ஒரு விதியை முன்வைத்தார். மணற்கரையில் கடல் ஒரு பங்கு உயர்ந்தால், கரை 50 முதல் 100 பங்கு உள்வாங்கும் என்பது அதிலிருந்து பெறப்படும் தோராயக் கணக்கு. அதாவது பத்து சென்டிமீட்டர் உயர்வுக்கு ஐந்து முதல் பத்து மீட்டர் கரை போகும். இந்த விதியைப் பல ஆய்வாளர்கள் கடுமையாகக் குறைகூறியிருக்கிறார்கள். காரணம், கரையோரமாக நடந்துவரும் மணலையும் ஆறு தரும் மணலையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் குறை நம் வாதத்துக்கு வலுவூட்டுகிறது. வரவு நிறைவாக இருக்கும் கரை இந்த விதியை மீறி நிலைத்து நிற்கலாம். வரவு அறுந்த கரை அதைவிட விரைவாகப் போகலாம். கடல்மட்டம் இரண்டுக்கும் ஒன்றே, விளைவு வேறு. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது நம் கையில் இருக்கிறது.

இப்போது உயிருள்ள கரையின் மதிப்புக்கு வருவோம். 2004 ஆழிப்பேரலையில் தமிழகம் சுமார் 8,000 உயிர்களை இழந்தது. அடுத்த ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, கடலூர் மாவட்டக் கரையில் மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகச் சேதமுற்றன என்றது. பரங்கிப்பேட்டைப் பகுதியின் 18 குப்பங்களை ஆராய்ந்த இன்னோர் ஆய்வும் அதையே சொன்னது. உடனே வேறு அறிவியலாளர்கள் அதே தரவை மறுபடி ஆராய்ந்து, ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே இழப்பைப் பெரும்பாலும் விளக்கிவிடுகின்றன என்று மறுத்தார்கள். அந்த மறுப்பை நாம் ஏற்கவேண்டும். அலையாத்திக் காடு எந்தப் பேரலையையும் தடுத்துவிடும் என்று மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது ஆபத்தான பொய். ஆனால் புயல் அலையின் வேகத்தை அந்தக் காடு தணிக்கிறது. வேர்களுக்கிடையே சேற்றைப் பிடித்துத் தரையை மெல்ல உயர்த்துகிறது. இறாலுக்கும் மீனுக்கும் குஞ்சு வளரும் இடமாகிறது. தன் சேற்று மண்ணில் ஏராளமான கரிமத்தைச் சேர்த்துவைக்கிறது. கடல் உயர உயரத் தானும் உயரக்கூடிய அரண் இது. கருங்கல் சுவர் கட்டிய நாள் முதல் தாழத்தான் செய்யும். அந்த மறுஆய்வின் முடிவும் நமக்குப் பயனுள்ளதே. உயரமும் தொலைவுமே உயிர் காத்தன என்றால், மணல்மேட்டை அழிக்காதே, கரையை ஒட்டிக் கட்டாதே என்பதுதானே அதன் பொருள்?

2021 வன நிலை அறிக்கையின்படி தமிழகத்தின் அலையாத்திக் காடு வெறும் 45 சதுர கிலோமீட்டர். பிச்சாவரத்தில் முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் தரை குழிந்து, ஓதநீர் உள்ளே தேங்கி, வெயிலில் உப்பேறி, வெண்கண்டலும் சுரபுன்னையும் முளைக்க முடியாத வெற்றுத்தரை உண்டானது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதத்தை உள்ளே வந்து திரும்பிப் போக விட்டார்கள்; காடு மீண்டது. நீரோட்டத்தின் வழியைத் திறந்ததுதான் அங்கே முதன்மையான சிகிச்சை; நாற்று நடுவது அதற்கு அடுத்தது. இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் பல இடங்களில் மணல்மேடுகள்மேல் சவுக்கு வரிசையாக நடப்பட்டது. அடும்பும் இராவணன் மீசையும் தாமாகப் படர்ந்து மணலைப் பிடித்துவைத்திருந்த மேடுகள் அவை. மரம் எண்ணிக்கையில் ஏறியது. மேட்டின் இயல்பு குன்றியது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் எதிர்காலம் காவிரி நன்னீர் கழிமுகம்வரை எவ்வளவு வருகிறது என்பதைச் சார்ந்தது. கடலில் போய்ச் சேரும் ஆற்றுநீர் வீண் என்ற மேடைப் பேச்சைக் கேட்டுப் பழகிய நமக்கு இது கசக்கும். ஆனால் அந்த நீரும் அது சுமக்கும் வண்டலும் கரையின் வரவு.

மன்னார் வளைகுடா இந்த வாதத்தின் எல்லையையும் காட்டுகிறது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தப் பகுதியின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல்லாண்டு வெட்டி எடுத்ததால் அலையைத் தாங்கும் அரண் போனது முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு அருகே வான் தீவும் அதே வழியில் சுருங்கிக்கொண்டிருந்தது. 2015-க்குப் பின் அதன் கடல்முகத்தில் செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்கியதும் அரிப்பு தணிந்து மணல் சேர்ந்தது. ஆக, உள்ளூர்ப் பழுதை உள்ளூரிலேயே சரிசெய்யலாம். ஆனால் 2010-லும் 2016-லும் கடல் சூடேறியபோது அதே வளைகுடாவின் பவளங்கள் வெளிறின. உலக வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரி கூடினால் வெப்பமண்டலப் பவளங்களில் 70 முதல் 90 விழுக்காடும், 2 டிகிரி கூடினால் 99 விழுக்காட்டுக்கு மேலும் அழியக்கூடும் என்பது அறிவியல் கணிப்பு. எந்தச் செயற்கைப் பாறையும் சூடான நீரைக் குளிர்விக்காது. ஆகவே கரையைச் சீராக்குவது வாயு உமிழ்வைக் குறைப்பதற்கு மாற்றாகாது. உலகம் உமிழ்வைக் குறைக்கும்வரை நாம் என்ன செய்தும் பயனில்லை என்று சொல்வதும் அதே அளவு தவறு. உமிழ்வைக் குறைப்பது சுமையைக் குறைக்கிறது; கரையைச் சீராக்குவது தாங்கும் வலுவைக் கூட்டுகிறது. இரண்டும் ஒருசேர நடந்தாலொழியக் கரைக்கு மீட்சியில்லை.

மணலின் மதிப்பைப் பணமாகக் காட்ட முடியாததால்தான் அது எளிதில் பறிபோகிறது. கடற்கரை வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. யாருடைய சொத்துப் பட்டியலிலும் வராது. ஆனால் ஃபைபர் படகை ஏற்றிநிறுத்துவதும், வலை உலர்த்திப் பின்னுவதும், கருவாடு காயவைப்பதும், கரைவலை இழுப்பதும், மீன் ஏலம் போடுவதும் அந்த மணலில்தான். மணல் போனால் படகை நிறுத்த இடமில்லை, துறைமுகத்துக்குப் போகவேண்டும், அங்கே விசைப்படகு வைத்திருப்பவருக்கே மேல்கை. இப்படி ஒரு கரை தேயும்போது சிறுதொழில் மீனவர் குடும்பம் தன் தொழிற்கூடத்தையே இழக்கிறது. மீன் விற்கும், கருவாடு போடும் பெண்கள் முதலில் இழக்கிறார்கள். மணல்மேடுகளுக்கு அடியில் மழைநீர் நன்னீராகத் தங்குகிறது. தென்சென்னையின் கடலோரக் குடியிருப்புகள் பல பத்தாண்டுகள் அந்த நீரைக் குடித்திருக்கின்றன. கடலோர நிலத்தடி நீரை மிகையாக இறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்ததே சான்று. நாகைப் பகுதியில் இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அத்தகைய பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கடல்மட்டம் உயர்வது இதே உப்பை இன்னும் உள்ளே தள்ளும்.

எல்லாவற்றிலும் வலிய மறுப்பு மீனவ ஊர்களிலிருந்தே வருகிறது. வீட்டு வாசலில் அலை அடிக்கும்போது மணல் ஓட்டத்தைப் பற்றிய பாடம் எதற்கு, தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, கட்டிக்கொடுங்கள் என்று அவர்கள் மறியல் செய்கிறார்கள். அந்தக் கோரிக்கையை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். அரசு வேறெதையும் தராத இடத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒரே பாதுகாப்பைக் கேட்கிறார்கள். இன்று விழப்போகும் வீட்டுக்கு இன்றே தற்காப்பு வேண்டும். சில இடங்களில் கல் தவிர வேறு வழியில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தூண்டில் வளைவு தன் தெற்கே பிடிக்கும் மணல், வடக்கூருக்குச் சேரவேண்டியது. அடுத்த ஆண்டு வடக்கூர் மறியல் செய்யும். அங்கும் வளைவு வரும். அதற்கும் வடக்கே இன்னோர் ஊர். இந்தச் சங்கிலியில் ஒவ்வோர் ஊரும் நியாயமாகவே கேட்கிறது. மொத்தத்தில் கரை தோற்கிறது. ஊருக்கும் ஊருக்கும் பகை மிஞ்சுகிறது. ஊர்வாரியாகத் தீர்வு தேடுவதுதான் பிழை. முகத்துவாரத்துக்கு முகத்துவாரம் ஒரு மணல் ஓட்டப் பகுதியை ஒரே அலகாக எடுத்துக்கொண்டு, தெற்கூருக்குச் செய்வது வடக்கூரை என்ன செய்யும் என்று கணக்கிட்ட பிறகே கட்டவேண்டும்.

மாற்று உண்டா என்றால், உண்டு, செலவும் உண்டு. கடல்சுவர் கட்டுவதில் உலகில் யாருக்கும் சளைக்காத நெதர்லாந்து, 1990 முதல் தன் மணற்கரையை மணல் போட்டே காக்கும் கொள்கையைப் பின்பற்றுகிறது. 2001-க்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 கோடி கனமீட்டர் மணலைக் கடலடியிலிருந்து எடுத்துக் கரையில் சேர்க்கிறது. 2011-இல் 2.15 கோடி கனமீட்டர் மணலை ஓரிடத்தில் கொட்டி, அலையும் காற்றுமே அதைப் பரப்பட்டும் என்று விட்டது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் சுவர் மறித்த மணலை, குழாய்வழி மறுபக்கம் சேர்க்கும் நிலையம் 2001 முதல் இயங்குகிறது. தொலைவுக்குப் போவானேன், விசாகப்பட்டினத்தில் துறைமுகம் பிடிக்கும் மணலைத் தூர்வாரி நகரக் கடற்கரைக்கு விடுவது பல பத்தாண்டு வழக்கம். நெதர்லாந்தின் செல்வம் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் நம் துறைமுகங்கள் எப்படியும் தூர்வாருகின்றன. அந்த மணலை எங்கே கொட்டுவது என்பதே கேள்வி. துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணலை மறிக்கும் துறைமுகம், அதை மறுபக்கம் சேர்க்கும் செலவைத் தன் நடைமுறைச் செலவில் எழுதட்டும் என்கிறேன். இன்று அந்தச் செலவை வடக்கூர் மீனவர் தம் வீட்டால் கட்டுகிறார். அரசு கருங்கல்லால் கட்டுகிறது.

மணலுக்கு அடுத்தது இடம். கடல் ஏற ஏற மணல்மேடும் அலையாத்தியும் உள்நோக்கி நகரவேண்டும். பின்னால் சாலையும் மதிலும் மாளிகையும் நின்றால் அவை நெரிபட்டு மறையும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெடுகிலும் இந்த நெரிசல் உருவாகிவிட்டது. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை உயர்ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஊரகக் கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானத்தைத் தடுத்தது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் அந்தத் தடையை 50 மீட்டராகக் குறைத்தது. கடல் ஏறும் நூற்றாண்டில் இடைவெளியைக் குறைப்பது கணக்குக்கு முரண். ஆனால் இடம்விடுதல் என்ற பெயரில் மீனவரை மட்டும் பெயர்ப்பதும் நடந்துவிடலாம். ஆழிப்பேரலைக்குப் பின் 200 மீட்டருக்கு அப்பால் குடியேறினால்தான் அரசு வீடு என்ற கொள்கை வந்தபோது, நாம் காலிசெய்யும் கரை விடுதிகளுக்குப் போய்விடுமோ என்று மீனவர்கள் அஞ்சினார்கள்; அந்த அச்சம் காரணமற்றதன்று. ஆகவே இடம் விடுவதற்கு ஒரு முன்நிபந்தனை வேண்டும்: வீடு பின்வாங்கினாலும் கரையில் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் உள்ள பொது உரிமை சட்டத்தில் எழுதப்பட்டு, அந்த ஊரின் பெயரிலேயே நிலைக்கவேண்டும். முதலில் பின்வாங்க வேண்டியது கடலை நம்பிப் பிழைக்காத கட்டடங்கள்.

ஆகவே நான் கேட்பது சிக்கலானதன்று. தமிழகக் கரையின் ஒவ்வொரு மணல் ஓட்டப் பகுதிக்கும் ஆண்டுதோறும் மணல் கணக்கு எடுக்கப்பட்டு, ஊராட்சி அலுவலகத்திலும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்திலும் தமிழில் வெளியிடப்படவேண்டும்: ஆற்றிலிருந்து எவ்வளவு வந்தது, துறைமுகமும் தூண்டில் வளைவும் எவ்வளவு பிடித்தன, எவ்வளவு அள்ளப்பட்டது, கரை எத்தனை மீட்டர் நகர்ந்தது. கரையில் எழும் எந்தக் கட்டுமானமும், அது பாலமாயினும் துறைமுகமாயினும் தடுப்புச் சுவராயினும், இந்தக் கணக்கில் தான் உண்டாக்கும் குறையைத் தானே ஈடுசெய்யும் கடமையோடுதான் அனுமதி பெறவேண்டும். நீர்ப்பங்கீட்டைத் திட்டமிடுபவர்கள் கழிமுகத்தையும் ஒரு பங்குதாரராகச் சேர்க்கவேண்டும். இவற்றால் கடல் உயர்வது நிற்காது. ஆனால் உயரும் கடலை எதிர்கொள்ள வலுவுள்ள கரையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறோமா, கடன்பட்ட கரையைக் கொடுக்கிறோமா என்பது இதில் தீர்மானமாகும். பருவநிலை மாற்றத்தின் பெரும்பகுதி உலக அரங்குகளில் முடிவாகிறது. மணல் கணக்கு நம் மாவட்ட ஆட்சியரின் மேசையில், நம் சட்டமன்றத்தில், நம் துறைமுக அலுவலகத்தில் முடிவாகிறது. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும் பொறுப்பு கரையில் வாழ்வோருக்கு மட்டும் உரியதன்று. கடல்மீனை உண்பவரும், ஆற்றுமணலில் வீடு கட்டியவரும், துறைமுகம் வழியே வந்த பொருளை வாங்குபவரும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.